தொடாத பாதி

சென்ற கோடையில் திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குப் போர் போட்டார்கள். குழாய் வழியாக மேலே வந்த சேறு முதலில் செம்மண் நிறமாக இருந்தது, பிறகு மணல், பிறகு வெகுநேரம் சாம்பல் நிறக் களி. வேலைக்கு வந்தவர்களில் மூத்தவர் அவ்வப்போது ஒரு பிடி சேற்றை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார். ‘களிதான், இன்னும் போகணும்’ என்றார். அவருக்கு வேண்டியது தண்ணீர். தண்ணீர் தராத அடுக்கு அவர் கணக்கில் கழிவு. மாலைக்குள் அது தெருவோரக் கால்வாயில் வழிந்து, மறுநாள் வெயிலில் காய்ந்து, ஸ்கூட்டர் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது.

அம்பத்தூர், ஆவடி, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் அடியில் களிக்கல் படிவுகள் கிடக்கின்றன. ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேஷியஸ் காலத்தின் முற்பகுதியில் படிந்தவை. நிலத்துச் செடிகளின் இலைத் தடங்களும் கடல் நுண்பிராணிகளின் ஓடுகளும் அவற்றில் சேர்ந்தே கிடைக்கின்றன. இந்தியா அண்டார்க்டிகாவை விட்டு விலகி, இடையில் புதிதாக ஒரு கடல் பிறந்துகொண்டிருந்த காலம் அது. இந்தக் கரைக்குக் கடல் வந்து போயிருக்கிறது. எங்கள் தெருவில் ஓடிய சேறு அந்தக் கடலினுடையதுதானா? இந்தக் கேள்விக்கு இனி யாரும் பதில் சொல்ல முடியாது. விடை பூமிக்குள் இருந்தது. அது மேலே வந்தது. நாம் அதைக் கழுவிவிட்டோம்.

இதில் தவறு ஏதும் நடந்ததாக நான் சொல்லவில்லை. தாகத்துக்குத் தோண்டுகிறவனிடம் சரித்திரப் பிரக்ஞையைக் கேட்பது அசட்டுத்தனம். ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் இருக்கிறது. கடந்த காலத்தின் மிச்சத்தைக் கையில் எடுக்கிறவனுக்கு அதன்பால் கடமை என்று ஒன்று உண்டா? அந்த மிச்சத்தில் விடுபட்டுப் போனதற்கும் அவன் பொறுப்பாளியா?

கடலடியைத் துளைத்து அதன் சரித்திரத்தைப் படிக்கிறவர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். 1968-ல் ‘கிளோமர் சேலஞ்சர்’ என்ற கப்பல் தொடங்கிய வேலை அது. 1985-லிருந்து ‘ஜாய்டிஸ் ரெஸல்யூஷன்’ அதைத் தொடர்ந்தது. கடல்தரையில் குழாயை இறக்கி, அடுக்குக் குலையாமல் மண்ணையும் பாறையையும் ஒரு நீண்ட தண்டாக மேலே எடுக்கிறார்கள். அதைக் கோர் என்கிறார்கள். மேலே வந்ததும் செய்கிற காரியங்களில் முக்கியமானது, கோரை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பது. ஒரு பாதி வேலைக்கு. அதை வெட்டலாம், கரைக்கலாம், சுடலாம். மறு பாதி காப்புக்கு. அதைப் படம் எடுப்பார்கள், சேதமில்லாமல் அளப்பார்கள், பிறகு குளிர் அறையில் வைத்துவிடுவார்கள். 2014-15-ல் வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் பருவமழையின் சரித்திரத்தைத் தேடி எடுத்த கோர்கள் ஜப்பானில் கொச்சி என்ற ஊரில் இருக்கின்றன. நம் கொச்சி அல்ல. பெயர்ப் பொருத்தம் மட்டும். 2024-ல் அந்தக் கப்பலின் துளையிடும் பணி நின்றுவிட்டது. எடுத்து வைத்தது இருக்கிறது.

இந்தத் தொடாத பாதி யாருக்காக? இன்னும் பிறக்காத ஒருவனுக்காக. நம்மைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவனுக்காக. நம் வாசிப்பு பிழையாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை ஸ்தூலமான பொருளாக்கி அலமாரியில் வைப்பது இது. பணிவு என்பது பெரும்பாலும் பேச்சில்தான் இருக்கும். இங்கே அது மீட்டர் கணக்கில் இருக்கிறது.

சந்தேகம் வெறும் சம்பிரதாயம் அல்ல. கடல்நீரில் ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் பிராணிகள் வாழ்கின்றன. சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்பவை. அந்த ஓட்டில் கனமான ஆக்ஸிஜனும் லேசான ஆக்ஸிஜனும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பதில் அது வாழ்ந்த காலத்தின் சுவடு தங்கிவிடுகிறது. 1955-ல் செஸாரே எமிலியானி இந்த விகிதத்தின் ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் கடலின் வெப்பம் என்று படித்தார். மிக அழகான வாசிப்பு; பனியுகங்கள் வரிசையாக வந்து போனதை அது காட்டியது. 1967-ல் நிக்கலஸ் ஷாக்கிள்டன் வேறு ஒன்றைக் கவனித்தார். கடலின் மேற்பரப்பில் வாழ்ந்த பிராணிகளின் ஓட்டில் மட்டுமல்ல, அடியில் வாழ்ந்தவற்றின் ஓட்டிலும் அதே அளவு மாறுதல் இருந்தது. அடிநீர் இப்போதே உறைநிலைக்கு அருகில் இருக்கிறது. பனியுகத்தில் அது இன்னும் அவ்வளவு குளிர இடமில்லை. ஆகவே அந்தச் சுவடு பெரும்பாலும் வெப்பத்தினுடையது அல்ல; எவ்வளவு தண்ணீர் நிலத்தில் பனிக்கட்டியாகச் சேர்ந்திருந்தது என்பதன் சுவடு. எமிலியானியின் அளவு பொய்க்கவில்லை. அவர் கண்ட ஏற்ற இறக்கம் அப்படியே நின்றது; அதற்குக் கொடுத்த அர்த்தம் மாறியது. பிரதி ஒன்று, வாசிப்பு இரண்டு என்று நாம் சொல்லிக்கொள்கிற விஷயம்தான். ஆனால் எல்லா வாசிப்பும் சரி என்று அங்கே யாரும் முடித்துக்கொள்ளவில்லை. ஒன்று மற்றதைவிட அதிகம் விளக்கியது, மற்றது வழிவிட்டது.

விடுபட்ட அடுக்குகளின் சங்கதி இதைவிடச் சிக்கலானது. கடல் எல்லாவற்றையும் எழுதி வைப்பதில்லை. சில லட்சம் ஆண்டுகள் எதுவுமே படிவதில்லை. அல்லது படிந்ததை நீரோட்டம் அரித்துவிடுகிறது. நாலைந்து கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால் சுண்ணாம்பு ஓடுகள் கரைந்துவிடுகின்றன. மேலே எத்தனை உயிர்கள் வாழ்ந்து மடிந்திருந்தாலும் கீழே மிஞ்சுவது வெறும் செங்களி. புழுக்கள் மேல்மட்டச் சேற்றைப் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிளறிக் கலக்கின்றன. ஆழ்கடலில் பல இடங்களில் ஆயிரம் ஆண்டுக்குப் படிவது ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால், அந்தப் புழுக்களின் வேலை எவ்வளவு என்பது புரியும்.

நிலவியல் வரைபடத்தில் இப்படிக் காலம் தொலைந்துபோன இடத்தில் ஒரு அலைக்கோடு போடுவார்கள். நேர்கோடு என்றால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது. அலைக்கோடு என்றால் இங்கே ஏதோ இருந்து போயிற்று, அல்லது வராமலே போயிற்று. எங்களூருக்கு வடமேற்கே கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கிற அத்திரம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் 1863-ல் கற்கருவிகளைக் கண்டெடுத்த இடம். அங்கே அடியில் அதே கிரெட்டேஷியஸ் களிக்கல். அதற்கு மேலே ஆதிமனிதனின் கைக்கோடரிகள் புதைந்த களிமண். சாந்தி பப்புவும் குழுவினரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி 15 லட்சம் ஆண்டுப் பழமை வரை போவது. இரண்டுக்கும் இடையே பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேல் காணோம். அதற்கு வரைபடத்தில் கிடைத்திருப்பது ஒரு கோடு. அதை நிரப்ப யாருக்கும் உரிமை இல்லை. அதை அழித்து, மேலும் கீழும் ஒட்டிவிடவும் யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கடல் கொண்டதாகச் சொல்லப்படும் ஒரு நிலம் தமிழ் மனத்தில் இருக்கிறது. இறையனார் களவியலின் உரை முச்சங்கங்களுக்கு 4440, 3700, 1850 என்று ஆண்டு கொடுக்கிறது, மொத்தம் 9990. பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடையே 700 காவதம், 49 நாடுகள் என்று அடியார்க்குநல்லார் எழுதினார். 1864-ல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் மடகாஸ்கரின் லெமூர் குடும்பத்துப் பிராணிகளின் பரவலை விளக்க ஒரு முழுகிய கண்டத்தை ஊகித்து லெமூரியா என்று பெயரிட்டார். அந்த ஊகத்தை அறிவியல் பின்னால் கைவிட்டுவிட்டது. நாம் எடுத்து வைத்துக்கொண்டோம்.

கோர்கள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன? கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலின் தரை எரிமலைக் குழம்பு ஆறிய பசால்ட். கண்டத்தின் பாறை அல்ல. ஆனால் முழுகிய நிலமே இல்லை என்றும் அவை சொல்லவில்லை. 1972-ல் இந்துமகா சமுத்திரத்தில் தொண்ணூறாம் கிழக்கு முகட்டில் துளைத்தபோது பழுப்பு நிலக்கரியும் மகரந்தமும் கிடைத்தன; அங்கே ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் மரம் செடி நின்ற தீவு இருந்திருக்கிறது. 1998-99-ல் வெகுதூரம் தெற்கே கெர்கெலன் பீடபூமியை ஒட்டிய ஈலான் திட்டில் துளைத்தபோது நம் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு உறவான கற்கள் வந்தன. இந்தியக் கரையிலிருந்து பிய்ந்துபோன ஒரு துண்டு கடலுக்கடியில் இருக்கிறது என்பது மெய். அது முழுகியபோது மனிதன் இல்லை, மொழி இல்லை.

மனிதன் பார்த்திருக்கக்கூடிய முழுக்கமும் உண்டு. பார்படாஸ் தீவை ஒட்டிய பவளப்பாறைகளில் எடுத்த கோர்களைக் கொண்டு 1989-ல் கணக்கிட்டார்கள்: பனியுகத்தின் உச்சத்தில் கடல் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையில் அன்று தண்ணீர் இல்லை, நடந்து போகலாம். பிறகு கடல் ஏறியது. வேகமாக ஏறிய காலத்தில் ஒரு நூற்றாண்டுக்கு நாலு மீட்டர். தாத்தா வலை உலர்த்திய மணல் பேரனுக்குத் தண்ணீருக்கடியில். 49 நாடுகள் அல்ல, ஒரு கரை. ஆனால் கரையில் இருந்தவனுக்கு அது போதும்.

நம்மில் ஒரு தரப்பார் இடைவெளியைக் கண்டதும் அதில் ஒரு கண்டத்தை இறக்கிவிடுகிறார்கள். இன்னொரு தரப்பார், இந்தப் பத்திரிகையை வாசிக்கிற நாம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறோம், ஆதாரம் இல்லை ஆகவே ஒன்றுமே இல்லை என்று சிரித்துவிட்டு நகர்கிறோம். முதலாவது ஆசை. இரண்டாவதை அறிவு என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அதுவும் இடைவெளியை நிரப்புவதுதான், சூனியத்தால் நிரப்புவது. செங்களியில் ஓடு இல்லை என்பதால் மேலே உயிர் இல்லை என்று சொல்வதற்கு ஒப்பானது. 9990 ஆண்டு என்பது ஆழ்கடல் சேற்றில் ஒரு சாணுக்கும் குறைவு. அதில் பாதியைப் புழுவே கலக்கிவிடும். அவ்வளவு குறுகிய இடத்தில் நம் பெருமையையும் தேட முடியாது, நம் பரிகாசத்தையும் ஸ்தாபிக்க முடியாது.

நிலவியல்காரனின் அலைக்கோடு நமக்கு அந்நியமானதும் அல்ல. உ. வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றைப் பதிப்பித்தார். ஏடுகளில் செல் அரித்த இடங்கள், முறிந்த இடங்கள் எத்தனையோ. அங்கே அவர் புள்ளி வைத்தார். 267, 268 ஆகிய இரண்டு பாட்டும் கிடைக்கவில்லை. எண்களை இழுத்து மூடிவிடாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள். பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை; இருக்கிற எட்டையும் இரண்டாம் பத்திலிருந்துதான் எண்ணுகிறோம். செய்யுள் இயற்றத் தெரிந்தவர் அவர். இரண்டு வரி இட்டு நிரப்பியிருந்தால் அன்று கண்டுபிடித்திருக்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்களே. செய்யவில்லை. அந்தப் புள்ளிகளை நான் தமிழின் பெரிய தார்மீகச் செயல்களில் ஒன்றாகக் கருதுகிறேன். இருக்கிற வரிகளை நாம் நம்புவதே அந்தப் புள்ளிகளால்தான். இல்லாததை இல்லை என்று சொன்னவன் இருப்பதை இருக்கிறது என்று சொல்லும்போது கேட்கத் தோன்றுகிறது.

எங்களூர் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் லிங்கத்துக்கு ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு. தொண்டைமான் சக்கரவர்த்தி தன் யானையின் காலில் சிக்கிய முல்லைக் கொடியை வாளால் வெட்டினான், வெட்டு கொடிக்குள் இருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் பெருகியது என்பது தலபுராணம். வழி வேண்டியவன் வெட்டினான். உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியாது. காயத்தின் மேல் பூசிய சந்தனத்தைச் சித்திரைச் சதயத்தன்று விலக்குகிறார்கள், பிறகு மறுபடியும் சாத்துகிறார்கள். இதைச் சரித்திரம் என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் இந்தக் கதை காயத்தை ஆறிவிட்டதாகச் சொல்லவில்லை என்பது எனக்கு முக்கியம். வெட்டினோம் என்பதை அது மறக்க விடவில்லை.

இழந்தவனுக்கு அலைக்கோடு ஆறுதல் தராது; புள்ளிகளை வைத்துக்கொண்டு யாரும் பெருமைப்பட முடியாது. தெரிந்தே சொல்கிறேன். இருந்தும், கடந்த காலத்தை இன்றைய வழக்குகளுக்காக முழுவதுமாகச் செலவழித்துவிடுகிற உரிமை நமக்கு இல்லை. எடுத்ததில் ஒரு பாதியைத் தொடாமல் வைக்க வேண்டும். விடுபட்ட இடத்தில் கோடு போட வேண்டும். போர் போட்ட அந்தப் பெரியவர் சேற்றை விரலில் தேய்த்தபோது, தனக்கு வேண்டியது அதில் இல்லை என்பதை மட்டும்தான் சொன்னார். அதில் ஒன்றுமே இல்லை என்று அவர் சொல்லவில்லை.