அறிந்தபின் வரும் கடன்

1875 இல் வியன்னாவின் நோயியல் அறிஞர் கார்ல் வொன் றொக்கிட்டான்ஸ்கி ஓர் இதயத்தை விபரித்தார். அதன் கீழறைகள் இரண்டும் இடம் மாறியிருந்தன. அவற்றிலிருந்து புறப்படும் பெருநாடியும் நுரையீரல் நாடியும் இடம் மாறியிருந்தன. ஒரு பிழையை மறுபிழை நேராக்கிவிட, இரத்தம் போகவேண்டிய இடத்துக்கே போய்ச் சேரும். வேறு கோளாறு சேராதவிடத்து, முப்பது நாற்பது வயதுவரை உடையவருக்கே தெரியாது. ஆனால் நுரையீரலுக்கு மட்டும் இரத்தம் தள்ளும் வலிமையுள்ள அறை, உடல் முழுவதற்கும் உழைத்து மெல்ல மெல்லக் களைத்துப்போகும். பிறவி இதயக் கோளாறுள்ளோரில் நூற்றில் ஒருவருக்குக்கூட இது இருப்பதில்லை.

மூச்சு வாங்குகிறதென்று களுபோவில போதனா வைத்தியசாலைக்குப் போகும் வெள்ளவத்தைக் குமர் ஒருத்திக்கு எக்கோ பரிசோதனையில் இது தெரியவந்தால், நம் வீடுகளில் வைத்தியத்துக்கு முன்னரே எழும் கேள்வி வேறு: கலியாணப் பேச்சில் இதைச் சொல்வதா, விடுவதா? உம்மாமாரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒருத்திக்கு நோயென்றால் அவளுடைய தங்கைமாரையும் சேர்த்து ஒதுக்கும் சமூகம் நம்முடையது.

நிக்காஹை முறிக்க இடந்தரும் குறைகளை ஷாபிஈ சட்ட நூல்கள் எண்ணிச் சொல்கின்றன. பைத்தியமும் குஷ்டமும் அதிலுண்டு. இதய நோய் இல்லை. அதைக் கொண்டு வாயை மூடிக்கொள்வோர் இமாம் நவவியை மறந்துவிடுகிறார்கள். சம்பந்தம் பேசும்போது ஆலோசனை கேட்கப்பட்டவர் உள்ளதைச் சொல்வது புறம்பேசுதலில் சேராது என்றவர் அவர். பிறரைப் பற்றியே சொல்லவேண்டுமானால், தன்னைப் பற்றிக் கேட்கையில் எப்படி மறைப்பது?

நேற்றுவரை அவள் எதையும் மறைக்கவில்லை. உடல் அதேதான். அறிவு வந்தது, கூடவே கடனும் வந்தது. இக்கடன் வெறும் நாணயம் பற்றியதுமன்று. கர்ப்ப காலத்தில் உடலின் இரத்த அளவு ஏறத்தாழ அரைப்பங்கு கூடுகிறது. களைத்த அறைக்கு அது பெரும் பாரம். கவனமாகப் பார்த்தால் பலர் சுகமாகப் பிள்ளை பெறுகிறார்கள். கவனிக்க வேண்டுமென்று புருஷனுக்கும் பிரசவம் பார்க்கும் டொக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அவளை மணக்கப்போகிறவனுக்குச் சொல்லவேண்டும் என்பதே என் கட்சி. தரகருக்கும் தெருவுக்கும் சொல்லவேண்டியதில்லை. கேட்டவனுக்கு விலகிப்போக உரிமையுண்டு. கேட்டது அவனிடத்தில் அமானிதம். அதை அவன் வீட்டார் அடுத்த கலியாண வீட்டுச் சஹனில் பரிமாறுவதனால்தான், டொக்டர் எக்கோவுக்கு எழுதிய துண்டு "நிக்காஹ் முடியட்டும்" என்று சில வீட்டு அலுமாரிகளில் மடிந்து கிடக்கிறது.