வீடு திரும்ப எத்தனை மணி நேரம்?

மணிலா விமான நிலையத்துக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 11,700 கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்காத விமானத்தில் மணிலாவிலிருந்து கிளம்பினால் 12, 13 மணி நேரத்தில் போய்விடலாம். திரும்பி வருவதற்கு 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பசிபிக் கடலின் மேல் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் உயரக் காற்று, போகும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது. வரும்போது எதிரே நிற்கிறது.

தூரம் அறத்தை மாற்றுமா? மாற்றாது என்றார் பீட்டர் சிங்கர். கிழக்கு வங்காளத்தின் பசியை முன்வைத்து 1972இல் அவர் எழுதிய கட்டுரையில், உதவி தேவைப்படுபவர் பக்கத்தில் இருக்கிறாரா, கடல் கடந்து இருக்கிறாரா என்பது நம் கடமையைக் குறைக்காது என்கிறார். பணத்தைப் பொறுத்தவரை சரிதான். பணம் பயணம் செய்யும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் வைக்க வேண்டிய கை பயணம் செய்யாது.

பிலிப்பைன்ஸிலிருந்து வீட்டு வேலைக்காக ரோமுக்கும் லாஸ் ஏஞ்சலிசுக்கும் போன பெண்களை ஆராய்ந்து ரேசல் பரேன்யாஸ் 2001இல் ஒரு நூல் எழுதினார். பிற்பாடு அவர்களைப் போன்றவர்களின் பிள்ளைகளிடமும் பேசினார். வெளிநாட்டில் இருக்கும் அப்பா பணம் அனுப்பினால் போதும், அவர் கடமையைச் செய்தவர். அம்மாவோ பணமும் அனுப்பி, விடாமல் போன் பேசி, வீட்டுப்பாடம் வரை விசாரித்தாலும் விட்டுப் போனவள்தான். அதே 11,700 கிலோமீட்டர், ஆணுக்கு உழைப்பு, பெண்ணுக்குக் குற்றம். (நம் வீடுகளில் வளைகுடாவுக்குப் போன அப்பாக்களைப் பற்றி யாராவது இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறோமா?)

அவள் ஏன் வந்து பார்க்கவில்லை என்று கேட்பவர்கள் விமானத்தின் நேரத்தை மட்டும் கணக்கிடுகிறார்கள். அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, அனுமதியில்லாமல் ஓராண்டோ அதற்கு மேலோ தங்கியவர் வெளியேறினால், பொதுவாக 10 ஆண்டுகளுக்குத் திரும்ப நுழைய முடியாது. அப்படிப்பட்ட ஒருத்திக்குத் தன் மகளைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பும் பயண நேரம் 10 ஆண்டுகள். அவள் முதலாளியம்மா விரும்பினால் மணிலாவுக்குச் சுற்றுலா போய் இரண்டே வாரத்தில் திரும்பலாம்.

பிள்ளையை விட்டுப் போனது சரியா என்ற கேள்வியை அவளிடம் மட்டும் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவளுடைய அருகாமையை மணிக்கணக்கில் வாங்குபவர்களுக்கும், அவள் அனுப்பும் டாலரில் நாட்டை நடத்துபவர்களுக்கும் இதில் பதில் சொல்லும் கடமை இல்லையா? பிள்ளையோடு ஊரில் இருக்கும் அப்பாவுக்கு?

குளிர்காலத்தில் இரு ஊர்களுக்கும் 16 மணி நேர வித்தியாசம். மணிலாவில் மகள் தூங்கப்போகும் இரவு எட்டு மணி, லாஸ் ஏஞ்சலிஸில் விடியற்காலை நான்கு. அந்த நேரத்துக்கு எழுந்து, குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அவள் எழுப்பிக் குளிப்பாட்ட வேண்டிய குழந்தை பக்கத்து அறையில் தூங்குகிறது.