நன்மைக்கு அருகிலிருக்கும் பகை

கெட்டுப்போகும் எதுவும் அதற்குமுன் நல்லதாக இருந்தே ஆகவேண்டும். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த புனித அகுஸ்தினார், 400ஆம் ஆண்டையொட்டி எழுதிய தம் தன்வரலாற்று நூலில் இந்த முடிவுக்கு வருகிறார். தீமை தனிப் பொருளன்று. நன்மையில் ஏற்படும் குறை. நன்மை துளியும் இல்லாததில் கெடுவதற்கு ஒன்றுமில்லை. தீமை என்றால் என்ன என்பதற்கு இது விடையாகலாம். ஆனால் அன்பும் மானமும் மனநிறைவும் எந்த வழியாகக் கெடுகின்றன என்ற கேள்வி மிஞ்சி நிற்கிறது. தத்துவ அறிஞர்களைவிட, தம் மனத்தை நாள் முழுதும் கண்காணித்து வாழ்ந்த துறவிகளே இதற்கு நுட்பமான விடை தந்திருக்கிறார்கள்.

ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் தங்கி ‘விசுத்திமக்கம்’ எழுதிய புத்தகோசர், அதன் 9ஆம் அத்தியாயத்தில் நான்கு உயர்ந்த மனநிலைகளை எடுத்துக்கொள்கிறார்: மைத்திரி, கருணை, முதிதை எனப்படும் பிறர் நலம் கண்டு மகிழ்தல், உபேட்சை எனப்படும் நடுநிலை. (முதல் மூன்றும் மணிமேகலையின் 30ஆம் காதையில் செற்றத்தைப் போக்கும் வழியாகவும் வருகின்றன.) ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகைகள் உண்டு என்கிறார் அவர். ஒன்று மலைக்காட்டில் பதுங்கியிருப்பவனைப் போலத் தொலைவில் உள்ளது. மற்றொன்று கூடவே நடமாடுபவனைப் போல அருகில் உள்ளது. மைத்திரிக்குத் தொலைவுப் பகை வெறுப்பு, அருகுப் பகை ஆசை. கருணைக்குத் தொலைவில் கொடுமை; அருகில், விரும்பியது கிட்டாத துயரம். முதிதைக்கு அருகில், தனக்கு வேண்டியது கிடைத்ததால் வரும் களிப்பு. நடுநிலைக்கு அருகில், எதையும் அறியாததால் வரும் அலட்சியம்.

இவற்றை அருகுப் பகை என்பதற்கு அவர் சொல்லும் காரணத்தில்தான் இந்த ஆய்வின் ஆழம் தெரிகிறது. மைத்திரி பிறரிடமுள்ள நல்லதைப் பார்க்கிறது. ஆசையும் அதையேதான் பார்க்கிறது. கருணை இழப்பைப் பார்க்கிறது. தன்னிரக்கத் துயரமும் இழப்பைத்தான் பார்க்கிறது. நடுநிலையும் அலட்சியமும் குணம் குற்றம் இரண்டையும் பொருட்படுத்துவதில்லை. பார்க்கும் பொருள் ஒன்றாகவே இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனம் நழுவுவது உரியவருக்கே தெரிவதில்லை. வெறுப்பு வந்தால் அன்பு போய்விட்டது என்று உடனே தெரியும். ஆசை வந்தால் அன்பு பெருகிவிட்டது என்றே தோன்றும்.

இதற்கு அதே நூலும் அதன் உரையும் ஒரு நிகழ்ச்சியைக் காட்டுகின்றன. யார்மீது மைத்திரியை வளர்ப்பது என்று ஒருவன் ஒரு தேரரை, அதாவது மூத்த பிக்குவை, கேட்டான். அன்புக்குரியவர்மீது என்றார் தேரர். அவனுக்கு அன்புக்குரியவள் மனைவி. விரதம் ஏற்று, அறையைச் சாத்திக்கொண்டு, அவளை நினைத்துத் தியானத்தில் அமர்ந்தான். மைத்திரியின் மறைவில் காமம் எழுந்தது. அவளிடம் போக எழுந்தவன் கதவு இருக்கும் இடம் தெரியாமல் இரவெல்லாம் சுவரோடு மோதிக்கொண்டிருந்தான். உட்கார்ந்தபோது அவனிடம் இருந்த எண்ணம் நல்லெண்ணமே என்பதை மறக்கக் கூடாது.

எகிப்தியப் பாலைவனத்துக் கிறித்தவத் துறவிகளும் இதையே வேறு வகையில் கண்டார்கள். 399இல் மறைந்த எவாக்ரியுஸ், பகலில் துறவியைப் பிடிக்கும் சோர்வை விவரிக்கிறார். பொழுது நகராது, துறவி சன்னலையே பார்ப்பார், வெளியே வந்து, உண்ணும் நேரமான பிற்பகல் மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வெயிலை அளப்பார். அவர் வழிவந்த யோவான் காசியன் இன்னும் கூர்மையாகச் சொல்கிறார்: அந்தச் சோர்வு சோம்பலின் குரலில் பேசுவதில்லை. நோயாளியைப் பார்த்துவரலாம், ஆதரவற்ற பெண்ணுக்கு உதவலாம், வெறுமனே அறையில் இருப்பதைவிட அது புண்ணியமல்லவா என்கிறது. வீண்பெருமையோ இன்னும் தந்திரமானது. மற்றக் குற்றங்கள் வெல்லப்பட்டால் ஓயும். இது வெற்றியையே உணவாக்கிக்கொண்டு வளரும்.

துறவிகளுக்கு மட்டுமே உரிய சிக்கலன்று இது. வள்ளுவர் குற்றங்கடிதல் அதிகாரத்தில் அரசனுக்கு ஆகாதவை என்று சொல்பவற்றில் எல்லை மீறிய மானமும் தகாத மகிழ்ச்சியும் இருக்கின்றன. மானத்துக்கு அவரே பின்னால் ஓர் அதிகாரம் (97) வகுத்துப் போற்றுகிறார். அப்படியானால் மானம் எங்கே குற்றமாகிறது? சான்றோரையும் பெற்றோரையும்கூட வணங்க மறுப்பது என்று உரையாசிரியர் பரிமேலழகர் இடத்தைக் காட்டிவிடுகிறார். தாழ்வுக்கு உடன்படாத அதே முதுகுதான் அங்கே வளைய வேண்டியபோதும் வளையாமல் நிற்கிறது. பொச்சாவாமை அதிகாரத்தில் மிகுந்த சினத்தைவிட மிகுந்த மகிழ்ச்சியில் வரும் மறதி கொடியது என்று வள்ளுவர் சொல்வதும் இதே அறிவிலிருந்து வருவதுதான். சினத்தைக் கண்டு எச்சரிக்கச் சுற்றியிருப்பவர்கள் உண்டு. மகிழ்ச்சியில் திளைப்பவனை யாரும் எச்சரிப்பதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில், மறதியால் கெட்டவர்களை நினைத்துக்கொள்ளச் சொல்கிறார் வள்ளுவர்.

அன்பு ஆசையாக நழுவாதிருக்கப் புத்தகோசர் தரும் மாற்று, வரிசையை மாற்றுவது. மைத்திரியை நெருங்கிய அன்பரிடம் தொடங்கக் கூடாது. தன்னிடம் தொடங்கி, மதிப்புக்குரிய ஆசிரியர், பிறகு அன்பர், அயலார், கடைசியில் பகைவர் என்று செல்ல வேண்டும். அது கெடாமல் வளர்ந்ததா என்று அறிய ஒரு சோதனையும் வைக்கிறார். தான், அன்பர், அயலார், பகைவர் என நால்வர் இருக்கும் இடத்துக்குக் கொள்ளையர் வந்து, பலியிட ஒருவரைக் கேட்கிறார்கள். இவரைக் கொண்டுபோகட்டும் என்று எவரை நினைத்தாலும் மைத்திரி முழுமையடையவில்லை. என்னைக் கொண்டுபோகட்டும், மற்ற மூவரை விட்டுவிடட்டும் என்று நினைத்தாலும் முழுமையடையவில்லை என்றே தீர்ப்பளிக்கிறார், ஏனெனில் அப்போதும் நால்வரில் ஒருவருக்குத் தீங்கு விரும்பப்பட்டிருக்கிறது.