இடது இடுப்பு

காலை ஆறே முக்கால். குக்கர் இரண்டு விசில் விட்டு மூன்றாவதற்கு முனகிக்கொண்டிருக்கிறது. ஆறு வயது இரட்டையரில் ஒருவன் இன்னொருவனின் ஜட்டியைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்கிறான். தீர்ப்புச் சொல்ல வேண்டிய என் அம்மா, காது மந்தமான பக்கத்தைச் சண்டைக்குக் கொடுத்துவிட்டு வெற்றிலை கிள்ளுகிறாள். தொட்டிலில் எட்டு மாதத்துக்காரன் அழ ஆரம்பிக்கிறான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பத்து வயது மகள் வாயில் பிரஷ்ஷோடு வருகிறாள். தொட்டில் சேலையை விலக்கி அவனை அள்ளி இடது இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். வலது கையால் விட்ட இடத்திலிருந்து பல் தேய்க்கிறாள். அழுகை நின்றுவிடுகிறது.

ரொம்ப நாளாக இதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், கையில் பேப்பரோடு.

போன மே மாதம் அக்கா வந்திருந்தாள். வாசல்படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே மகளைப் பார்த்தவள், டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏலே, இவ நிக்கதைப் பாத்தியா? என்னை மாதிரியே நிக்கா."

சந்தோஷமாகத்தான் சொல்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அது ஒரு தனி நிலை. ஒரு பக்க இடுப்பைத் தள்ளி, அந்த மேட்டில் பிள்ளையை உட்கார்த்தி, மேல் உடம்பை எதிர்ப்பக்கம் சாய்த்து, ஒற்றைக் காலில் கனத்தை இறக்கி நிற்பது. அம்மாமார்களுக்கு இடுப்பு இருக்கிறது, அதில் பிள்ளை தானாக உட்கார்ந்துகொள்ளும். பத்து வயசுக்காரிக்கு ஏது இடுப்பு? இல்லாத மேட்டை உண்டாக்கத்தான் அவள் உடம்பை அப்படி வளைக்கிறாள். சின்ன வயதில் அக்காவின் பாவாடை இடது பக்கம் மட்டும் தூக்கியே நிற்கும். ஊர் டெய்லர் அந்தப் பக்கம் அரை இஞ்ச் கூட்டி வெட்டிக் கொடுப்பார். அந்த அரை இஞ்சில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கு மேற்கே. வானம் பார்த்த பூமி, பருத்தியும் உளுந்தும். அதை விட்டால் தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் அதைக் கம்பெனி என்று சொல்லும் வழக்கமில்லை, ஆபீஸ்தான். விடியுமுன் வேன் வரும், அம்மா ஏறிப் போவாள். குச்சி அடுக்கினால் அடுக்கிய கட்டைக்குக் காசு. போகாத நாளுக்குக் காசு கிடையாது. பிள்ளை பெற்ற நாளும் போகாத நாள்தான். நாங்கள் ஐந்து பேர். அக்கா தலைச்சன், நான் கடைக்குட்டி, 1983இல் பிறந்தேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

ஐந்தாவது வரை பிரச்சினை இல்லை. பள்ளி எங்கள் தெருக்கோடியில். என்னை இடுக்கிக்கொண்டே வகுப்புக்குப் போவாள். வாத்தியார் கண்டுகொள்ள மாட்டார். சத்துணவு 1982இல் வந்துவிட்டதால் மத்தியானம் அவள் தட்டிலிருந்து எனக்கும் நாலு பருக்கை பிசைந்து ஊட்டுவாளாம். ஆறாவதுக்குப் பக்கத்து ஊருக்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். புத்தகப்பையையும் என்னையும் சேர்த்துச் சுமந்து நடக்க முடியாது. ஒன்றை வைத்துவிட்டுப் போக வேண்டும், பையை வைத்துவிட்டாள். இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அந்த ஜூன் மாதம் அவள் போகவில்லை, அவ்வளவுதான்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 48ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும் என்றது. ஆசிரியர் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கே இது தெரியும். அம்மாவிடம் கேட்டேன். "அறையா? மருந்து வாடை அடிக்கும், அங்க யாரு பிள்ளையக் கொண்டு போவா?" என்றாள். சட்டம் சொன்ன அந்த அறை எங்கள் வீட்டில் இருந்தது. அதற்கு ஒன்பது வயது.

இப்போது என் வீட்டுக்கு வருகிறேன். முதலில் மகள். அடுத்தது ஒன்று என்று நினைத்தோம், இரண்டாக வந்தது. நான்காமவன் எதிர்பாராமல் வந்தான், வந்த பிறகு யாரும் அவனை அப்படி நினைப்பதில்லை. சக ஆசிரியர்கள், "நாலா சார்?" என்று கேட்கும்போது ஏதோ கடன் வாங்கியவனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டில் 2.2 அதிகம். ஜட்டிச் சண்டை நடக்கும் காலைகளில் அந்த 2.2 யார் யார் என்று எனக்குத் தெளிவாகவே தெரியும்.

என் மனைவி ஒரு தனியார் கடையில் கணக்கு எழுதுகிறாள். 2017 திருத்தத்துக்குப் பிறகு பேறுகால விடுப்பு 26 வாரம். ஆனால் ஏற்கெனவே இரண்டு பிள்ளை உள்ளவளுக்கு 12 வாரம்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று சுவரில் எழுதிப் போடுவதும் அரசு, மூன்று மாதம் ஆவதற்குள் வேலைக்குப் போகலாம் என்பதும் அரசு. இரண்டுக்கும் நடுவில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஸ்கூட்டியில் வந்து பால் கொடுத்துவிட்டு ஓடினாள். பகலில் அம்மா பார்த்துக்கொள்வாள். காலையும் சாயங்காலமும்தான் ஆள் பற்றவில்லை. அந்த இடைவெளி எந்த அளவில் இருந்ததோ, அதே அளவில் மகள் அதில் போய்ப் பொருந்திக்கொண்டாள். தண்ணீர் பள்ளத்தில் நிற்பதுபோல. பள்ளத்தை வெட்டியது யார் என்று தண்ணீர் கேட்பதில்லை.

பதினான்காவது வாரத் தடுப்பூசி போட்ட இரவு அவனுக்குக் காய்ச்சல். சொட்டு மருந்து கொடுத்து ஈரத்துணி போட்டுக்கொண்டு நாங்கள் இருந்தோம். மகளும் தூங்கவில்லை. "போய்ப் படு பாப்பா, நாளைக்கு உனக்குப் பரீட்சை" என்று மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை சொல்லாமல் விட்டேன். தொடைத் துணியை நனைத்துப் பிழிய ஒரு கை கூட இருப்பது வசதியாக இருந்தது. மறுநாள் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன், "பொறுப்பான பொண்ணு."

இந்த வார்த்தையைத்தான் இப்போது சந்தேகமாகப் பார்க்கிறேன். ஒரு குடும்பம் கொடுக்கக்கூடிய கூலிகளில் மலிவானது இது. காசு செலவில்லை, வாங்கியவள் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. ஒருமுறை "பொறுப்பான பொண்ணு" ஆகிவிட்டால், அடுத்த முறை தொட்டில் அழும்போது உட்கார்ந்தே இருக்க முடியுமா? அக்காவுக்கும் ஊரில் இதே பெயர்தான். "மூத்தவ தாய் மாதிரி" என்பார்கள். தாய்க்குக்கூட வேனில் ஏறித் தப்பித்துக்கொள்ள ஒரு வழி இருந்தது.

வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் இது இன்னும் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். ஒரே பெண் மாதத்துக்கு மூன்று நாள் வரவில்லை என்றால் காரணம் கேட்பேன். "தம்பிக்குக் காய்ச்சல் சார்." காய்ச்சல் தம்பிக்கு, லீவு அக்காவுக்கு. தங்கைக்குக் காய்ச்சல் என்று எந்தப் பையனும் இதுவரை என்னிடம் லீவு சொன்னதில்லை. தீப்பெட்டி ஆபீஸில் பிள்ளைகள் வேலை செய்யக்கூடாது என்று 1986இல் சட்டம் வந்தது. 2016இல் அதைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் குடும்பத்துக்கு உதவலாம் என்று சேர்த்தார்கள். நியாயமான வரிதான். இடுப்பில் பிள்ளை இருப்பதை வேலை என்று நினைத்தால்தானே அந்த 'பள்ளி நேரம் போக' என்பதை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள்?

ஆண்பால் பிள்ளைத்தமிழில் எட்டாவதாக வரும் சிற்றில் பருவத்தைப் பாடமாக நடத்தும்போது எனக்கு ஒரு சங்கடம் வரும். சின்னப் பெண்கள் மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள். ஆண்பிள்ளை தளர்நடையாக வந்து காலால் கலைக்கப் பார்க்கிறான். கலைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். கவிதை முழுக்கக் கொஞ்சல் அவனுக்குத்தான். அக்கா ஒரு நோட்டு நிறையத் தீப்பெட்டிப் படங்கள் ஒட்டி வைத்திருந்தாள். மயில், அணில், தாமரை, கப்பல். ஒருநாள் நான் பாதியைக் கிழித்து மீதியைச் சப்பிவிட்டேனாம். இதை எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக என் குறும்புக் கதையாகத்தான் சொல்கிறார்கள்.

அக்கா ஊருக்குத் திரும்பியதும் வேகமாக வீட்டைத் திருத்தப் புறப்பட்டேன். "இனிமே தம்பியை நீ தூக்க வேண்டாம்" என்று மகளிடம் சொன்னேன். அவள் முகம் போன போக்கு! "நான் என்னப்பா தப்பு பண்ணினேன்?" என்று அழுதாள். தூக்குவது அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவன் முதலில் சிரித்தது அவளைப் பார்த்து. அவன் எந்த அழுகைக்கு எதைக் கேட்கிறான் என்று எங்களைவிட அவளுக்குத் தெரியும். அதைப் பிடுங்குவதும் ஒரு சிற்றில் கலைப்புதான். நான் திருத்த வேண்டியது அவள் கையை அல்ல, பேப்பர் பிடித்திருந்த கையை. இது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. என் மனைவிக்கு ஆகவில்லை. "அதான் நான் ரெண்டு வருஷமாச் சொல்லுதேன்" என்றாள். எட்டு மாதப் பிள்ளைக்கு எப்படி இரண்டு வருஷம் என்று நான் கேட்கவில்லை.

இப்போது காலையில் தொட்டில் அழுதால் நான் எழுகிறேன். பெரும்பாலும். இரட்டையருக்கும் முறை வைத்திருக்கிறோம். அவர்கள் தூக்க வேண்டாம், பாயில் உட்கார்ந்து காவல் இருந்தால் போதும். முதல் நாளே மூத்தவன் (ஏழு நிமிடம் மூத்தவன்) தம்பி வாயில் முறுக்கை வைத்துவிட்டான். இளையவன் அவனைப் பிளாஸ்டிக் கூடையில் உட்கார்த்தி வீடு முழுக்க இழுத்துப் போனான். அம்மா போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. கூடையில் இருந்தவன் அன்று சிரித்ததுபோல் எப்போதும் சிரித்ததில்லை.

ஜூன் முதல் வாரம் அக்கா மறுபடி வந்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு ஒரே மாதத்தில் அவள் இரண்டு தடவை வந்தது அதுதான் முதல். அவளிடம் கேட்க வேண்டும் என்று வைத்திருந்த கேள்வியை, என் மனைவி முந்திக்கொண்டு கேட்டாள். "மதினி, உங்களுக்கு இவங்க மேல கோவமே வந்ததில்லையா?"

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். "இவன் நடக்க ஆரம்பிச்சு, இறங்கி ஓடினாம்லா, அன்னைக்கு வந்துச்சு. இடுப்பு காத்தாடிப் போச்சு. இறங்கிட்டான், இனி நமக்கு என்ன வேலைன்னு இருந்துச்சு. அப்ப பள்ளிக்கூடம் திறந்து ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு."

பிறகு வயர்க்கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மகளிடம் கொடுத்தாள். ஜாமெட்ரி பாக்ஸ். "ஆறாப்புக்கு இது வேணும்னாவ" என்றாள். கடையில் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

தகர டப்பாவைத் திறந்ததும் இரட்டையர் காம்பஸுக்கு அடித்துக்கொண்டார்கள். கைக்குழந்தை பாகைமானியை எடுத்து வாயில் வைத்தான். மகள் பிடுங்கிப் பாவாடையில் எச்சிலைத் துடைத்தாள். அக்கா அதைக் கேட்டு வாங்கி, அரைவட்டத்தை வெளிச்சத்தில் பிடித்து எண்களைப் பார்த்தாள்.

"இது எதுக்குட்டி?"

"கோணம் அளக்கதுக்கு அத்த."

"கோணலையா?"

"கோணல் இல்ல அத்த, கோணம்" என்று சிரித்துக்கொண்டே, மகள் தரையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். அக்காவும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தவழ்ந்து வந்து நோட்டில் கை வைக்கப் பார்த்தவனை நான் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.