கைக்குழியை ஏற்றி வெட்டுங்கள்!

நாட்டிய உடை தைக்கும் சகோதரிகளே, சகோதரர்களே! ஒரு சிறுமி நாட்டியாரம்பத்தில் இரு கைகளையும் தோளுக்கு நேராக நீட்டி நிற்கிறாள். அந்தக் கை அங்கேயே நிற்குமா, முழங்கை தொய்ந்து இறங்குமா என்பதில் பாதி உங்கள் கத்தரியில் தீர்மானமாகிறது. இதை முதலில் நீங்கள் நம்புங்கள். மற்றவர்கள் பிறகு நம்பட்டும்.

வருடக்கணக்கில் தளர்வான பருத்திப் புடவையில் பயிற்சி எடுத்த பிள்ளை அவள். அரங்கேற்றத்துக்குப் பட்டு உடை வருகிறது. போட்டுப் பார்த்த முதல் நாளே கை பாதியில் நின்றுவிடுகிறது. "கையைத் தூக்கு, கையைத் தூக்கு" என்று அதட்டல். அவள் தூக்கத்தான் பார்க்கிறாள், ரவிக்கை விடவில்லை. தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. எவ்வளவு பெரிய அநியாயம்! குறை ரவிக்கையின் அக்குளில் இருக்கிறது. அங்கே விழுந்த தையலில் இருக்கிறது. அதைச் சரிசெய்யத் தெரிந்த கை உங்களுடையது.

கை தூக்க வரவில்லை என்றதும் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? கைக்குழியை இன்னும் கீழே இறக்கி வெட்டுகிறோம். இடம் கிடைக்கும் என்று நினைப்பு. நடப்பது நேர் எதிர். கை சுழல்வது தோள் மூட்டில். கைக்குழியின் அடி அந்த மூட்டை விட்டு எவ்வளவு கீழே போகிறதோ, கை எழும்போது அவ்வளவு துணியையும் அது மேலே இழுக்க வேண்டும். சாதாரண ரவிக்கை என்றால் இடுப்பில் ஏறிக்கொடுக்கும். நாட்டிய உடையில் மேலாக்கும் இடுப்புப் பட்டியும் ஒட்டியாணமும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன, ஏற வழியில்லை. அப்புறம் தையல் பிரியும், அல்லது கை நின்றுவிடும். அதனால்தான் சொல்கிறேன், ஏற்றி வெட்டுங்கள்! அக்குளை ஒட்டி, ஒரு விரல் போகும் இடம் மட்டும் விட்டு வெட்டுங்கள். "இறுக்கமா இருக்குமே" என்று பக்கத்து மெஷின்காரர் சொல்வார். சொல்லட்டும். காடாத்துணியில் ஒன்று தைத்து, பிள்ளையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் வாதம் தேவைப்படாது.

ரவிக்கைக் கையின் மேல் வளைவையும் கவனியுங்கள். வளைவு உயரமாக இருந்தால் கை தொங்கும்போது அழகாக விழும், தூக்கினால் பிடிக்கும். வளைவைத் தாழ்த்தி, புஜத்தில் அகலம் கொடுத்தால் கை தாராளமாக எழும். கை ஓரத்தில் வைக்கும் ஜரிகைக் கரை விறைப்பானது, இழுத்தால் நீளாது. அதன் சுற்றளவுக்கு, கையை மடக்கச் சொல்லிப் புஜத்தை அளந்தெடுங்கள்.

அப்புறம் அக்குளில் வைக்கும் அந்தச் சாய்சதுரத் துண்டு! மூன்று நான்கு அங்குலத் துணி. பட்டின் பாவும் ஊடும் நேராக இழுத்தால் நீளாது. 45 டிகிரி சாய்த்து, கிராஸில் வெட்டினால் அதே பட்டு இழுப்புக்கு இணங்கும். அந்தத் துண்டை நான்கு முனையும் சுருங்காமல் பொருத்துவது கடினம்தான். பழகினால் வரும். எவ்வளவு துணி கூட வேண்டும் என்று ஊகிக்காதீர்கள். இடுப்பிலிருந்து அக்குள் வழியாக முழங்கை வரை கையைத் தொங்கவிட்டு ஒருமுறை, உயர்த்தி ஒருமுறை டேப்பை ஓட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கொடுக்க வேண்டியது. மேலாக்கையும் இரு கைகளும் உயர்ந்திருக்கும்போதே தோளில் பொருத்திப் பாருங்கள்.

நாட்டிய உடை காலங்காலமாக இப்படித்தான், நாம் யார் மாற்ற என்கிறீர்களா? 1935-இல் அடையாறு பிரம்மஞான சபையின் வைரவிழாவில் ருக்மிணி தேவி பரதநாட்டியம் ஆட மேடையேறினார். அடுத்த ஆண்டு அவருடைய நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ரா பிறந்தது. அவருடைய நாட்டிய உடைகளை வடிவமைக்கத் துணைநின்றவர் மேடம் காசான் என்ற இத்தாலியத் தையற்காரப் பெண்மணி. நமக்குப் பழமையாகத் தெரியும் தைத்த பைஜாமாவுக்கும் விசிறி மடிப்புக்கும் பின்னால், துணியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த தையற்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் மாற்றினார்கள். நீங்களும் அந்த வரிசையில் வருகிறவர்கள்தான்!

இனி உண்மையான சோதனைக்கு வருகிறேன். அது தையல் மெஷினில் இல்லை, கண்ணாடிக்கு முன்னால் நடக்கிறது. பிள்ளை ரவிக்கையைப் போட்டு, கையைத் தொங்கவிட்டு நிற்கிறாள். அக்குளில் மெல்லிய சுருக்கம். "என்னம்மா, இங்க சுருங்குதே, பிடிச்சுக் குடு" என்கிறார் தாய். இந்த இடத்தில்தான் நல்ல தையற்காரர்கள்கூடத் தோற்கிறார்கள். தலையாட்டிவிட்டு, தெரிந்தே, அந்தக் கையைக் கட்டிப்போடும் தையலைப் போட்டுத் தருகிறார்கள். நீங்கள் போடாதீர்கள்! மரியாதையோடு, குரல் தாழாமல் சொல்லுங்கள்: "அம்மா, இது நிக்கறதுக்குத் தைச்ச ரவிக்கை இல்ல, ஆடறதுக்குத் தைச்சது. பாப்பா, கையைத் தூக்கு." பிள்ளை தூக்குவாள். சுருக்கம் மறையும். இடுப்பில் ஒரு நூல் நகராது. தாய் அதைப் பார்ப்பார்.

பார்த்த பிறகு கூலியைச் சொல்லுங்கள். சாய்சதுரத் துண்டுக்கும், காடாத்துணியில் வெள்ளோட்டம் தைத்ததற்கும், அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்தால் பிரித்து விட உள்ளே மடித்துவைத்த இரண்டு அங்குலத்துக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியாகக் குறைக்கச் சொன்னால், எந்த வேலையை விட்டுவிடட்டும் என்று கேளுங்கள்.