முனையில் படியும் கருமை

ஹட்டனில் வானொலி திருத்தும் கடையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வெள்ளீயம் 60, காரீயம் 40 பங்கு கலந்த பற்றாசு 190 பாகை செல்சியஸை எட்டுமுன் உருகிவிடும். ஆயினும் பற்றவைக்கும் கோலின் முனை கறுத்திருந்தால் சூடு இறங்காது. இணைப்பு வெளியே ஒட்டியதுபோல் தோன்றும், உள்ளே பற்றியிராது. கடையில் பாடிய பெட்டி லயத்துக்குப் போய்ச் சில நாளில் ஊமையாகும்.

"ஏமாற்ற நான் நினைக்கவில்லையே" என்பார் திருத்தியவர். பெட்டிக்குள் பார்க்கத் தெரியாத தோட்டத் தொழிலாளி, அவர் கையை நம்பியல்லவா தம் நாட்கூலியைக் கொடுத்தார்? தவிர்க்கக்கூடிய அசட்டையும் வஞ்சனையின் உறவுதான்.

பரிகாரமோ மிக எளிது. ஈரப் பஞ்சில் முனையைத் துடைத்து, உடனே புதுப் பற்றாசு பூச வேண்டும். கோலை அணைக்குமுன்னும் அப்படியே. துடைத்து வெறுமையாக விட்டால் மீண்டும் கறுக்கும். கோபத்தோடு அரத்தால் ராவினாலோ, செம்பைக் காக்கும் இரும்புப் பூச்சு போய்விடும். பிறகு உருகிய பற்றாசில் செம்பே கரையும்.

தொழில் பழகும் உங்கள் பிள்ளையிடம் இன்றே கேளுங்கள்: "தம்பி, முனையைத் துடைத்தாயா?" பிறர் காணாத இணைப்பில்தான் தொழிலாளியின் நேர்மை இருக்கிறது.