மாற்றுக்குரலுக்கு இடமுண்டா?

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிகள் திறக்கும் வேளையில் காரைக்கால் வீடுகளில் ஓர் அறிவுரை தவறாமல் ஒலிக்கிறது. “படிக்கப் போகிறாய், படிப்பை மட்டும் பார். கொடி பிடிக்கிறவர்களோடு சேராதே. அரசியல் நமக்கு வேண்டாம்.” பிள்ளை உள்ளூரிலே அறிஞர் அண்ணா கலைக் கல்லூரிக்குப் போனாலும் சரி, திருச்சிக்கோ சென்னைக்கோ சென்று விடுதியில் தங்கினாலும் சரி, இச்சொற்கள் மாறுவதில்லை. போராட்டங்களில் கலந்துகொள்ள மாட்டேன் என்று எழுதிய தாளில் மாணவரிடமும் பெற்றோரிடமும் கையொப்பம் வாங்கும் கல்லூரிகளும் உண்டு. இவ்வறிவுரையில் அன்பு இருக்கிறது. அச்சமும் இருக்கிறது. அறம் இருக்கிறதா என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விழையும் வினா.

அச்சம் காரணமற்றது என்று நாம் சொல்லத் துணியோம். தரங்கம்பாடி, சீர்காழி வழியாக வடக்கே சென்று கொள்ளிடத்தைக் கடந்தால் சிதம்பரம். அங்கே 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நம் பகுதிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பயின்று வருகின்றனர். 1965ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் இந்தியே ஒன்றிய அரசின் ஆட்சிமொழியாகும் என்ற நிலை எழுந்தபோது தமிழகமெங்கும் மாணவர் கிளர்ந்தெழுந்தனர். மறுநாள், ஜனவரி 27 அன்று, சிதம்பரத்தில் காவலர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் அப்பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். சிவகங்கைச் சீமையிலிருந்து படிக்க வந்த இளைஞர். அவருடைய சிலை இன்றும் அங்கே நிற்கிறது. அச்சிலையைக் கடந்து செல்லும் தாய்மார் தம் பிள்ளையை ஒரு கணம் நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

ஆனால் இவ்வரலாறு அங்கே முடியவில்லை. 1967இல் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சிக்கு வந்தது. அவ்வெற்றியில் மாணவர்க்கு இருந்த பங்கை எவரும் மறுப்பதில்லை. விருதுநகரில் பெருந்தலைவர் காமராசரைத் தோற்கடித்த சீனிவாசனே மாணவர் தலைவராய் இருந்தவர்தாம். நான்கே ஆண்டுகள் சென்றன. 1971இல் அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதலமைச்சர் கருணாநிதிக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. மாணவருள் ஒரு சாரார் அதை எதிர்த்தனர். காவலர் தடியடி நடத்தினர். பின்னர் வளாகத்துக் குளத்தில் ஓர் இளைஞரின் உடல் கிடைத்தது. அது உதயகுமார் என்னும் மாணவருடையது என்று சக மாணவர் கூறினர். தம் மகனுடையது அன்று என்று தந்தை கூறினார். அச்சொல் அவராகச் சொன்னதா, சொல்லுமாறு செய்யப்பட்டதா என்னும் வாதம் தமிழகத்தில் இன்றும் ஓயவில்லை.

ஒரு கட்சியைக் குறைகூறும் நோக்கில் இதை நாம் எடுத்துக்காட்டவில்லை. பிற்காலத்தில் ஆண்ட மற்றக் கட்சியும் மாணவர் குரல் உயர்ந்தபோது கல்லூரிக் கதவுகளைத்தான் மூடியது. நம்மைத் தொடுவது வேறொன்று. ஒடுக்கப்பட்டவன் ஒடுக்குமுறையின் கொடுமையை அறிவான். அதனாலேயே அவன் பிறரைப் பொறுத்துக்கொள்ளக் கற்றுவிட்டான் என்று ஆகிவிடாது. உரிமை கேட்பது ஒரு பாடம். உரிமை கொடுப்பது இன்னொரு பாடம். முதற்பாடத்தில் தேறியவர் இரண்டாவதில் தேறுவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துப் பேசிய ‘பொறை’ என்னும் சொல்லுக்குச் சுமை என்றும் பொருள் உண்டு. மாற்றாரின் கருத்து சுமையாகத்தான் இருக்கும். கனக்கவே கனக்காத கருத்தைப் பொறுத்துக்கொள்வதில் என்ன பெருமை இருக்கிறது?

ஆட்சியாளரின் சகிப்பின்மை எளிதிற் கண்ணுக்குத் தெரியும். அதற்குத் தடியும் துப்பாக்கியும் உண்டு. மாணவர் கூட்டத்துக்குள்ளே இருக்கும் சகிப்பின்மையோ எளிதில் தெரிவதில்லை. இதற்கு நம் கடலுக்கு அப்பால் ஒரு சான்று இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் சில மணி நேரத்தில் சென்று சேரக்கூடிய யாழ்ப்பாணம் அது. 1986ஆம் ஆண்டு இறுதியில் அந்நகர் ஏறக்குறைய முழுவதும் தமிழ்ப் போராளி இயக்கங்களின் பிடியில் இருந்தது. இலங்கைப் படையினர் முகாம்களுக்குள் அடங்கியிருந்தனர். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பயின்ற மட்டக்களப்பு மாணவர் விஜிதரன் கடத்தப்பட்டார். கடத்தியது சிங்களப் படை அன்று, தம் இனத்தின் இயக்கமே என்று மாணவர் குற்றஞ்சாட்டினர். அவரை விடுவிக்கக் கோரி அவர்கள் உண்ணாநோன்பு இருந்தனர், ஊர்வலம் சென்றனர், பொதுமக்களும் உடன் நடந்தனர். விஜிதரன் திரும்பி வரவில்லை. போராட்டத்தின் முன்னணியில் நின்ற மாணவர் விமலேஸ்வரன் 1988இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1989 செப்டம்பர் 21 அன்று மருத்துவபீடப் பேராசிரியை ரஜனி திராணகம பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டு இறந்தார். இலங்கைப் படை, இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் என எத்தரப்பின் கொடுமையையும் விடாமல் பதிவு செய்தவர் அவர். சக ஆசிரியர் மூவரோடு அவர் எழுதிய ‘முறிந்த பனை’ அதற்குச் சான்று.

பகைவனை நோக்கிக் கூவுவதற்கு வேண்டிய துணிவு பெரிது. தன் பக்கத்தாரை நோக்கி, ‘இது தவறு’ என்று சொல்வதற்கு வேண்டிய துணிவு அதனினும் பெரிது. முன்னதில் ஆயிரம் பேர் தோள்கொடுப்பர். பின்னதில் தோள்கொடுத்தவர்களே விலகிப் போவர். துரோகி என்னும் பட்டமும் உடனே வந்துசேரும். மாணவர் இயக்கம் ஒன்றின் தரத்தை அறிய வேண்டுமாயின், அது அமைச்சரை எப்படி எதிர்த்தது என்று கேட்பது போதாது. தன்னுள்ளே ‘நான் உடன்படவில்லை’ என்று சொன்ன ஒருவனை அது என்ன செய்தது என்று கேட்க வேண்டும். இதுவே நம் கருத்து.

“பார்த்தீர்களா, அரசியல் என்றால் இப்படித்தான் முடியும், அதனால்தான் பிள்ளைகளை விலக்கி வைக்கிறோம்” என்று நம் தந்தையர் மறுமொழி கூறக்கூடும். விலக்கி வைத்தால் என்ன நேர்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். ஆப்பிரிக்காவின் நைசீரிய நாட்டில் 1978இல் மாணவர் உணவுக் கட்டணம் நாளொன்றுக்கு 50 கோபோவிலிருந்து ஒன்றரை நைராவாக உயர்ந்தது. மாணவர் தெருவுக்கு வந்தனர். துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டனர். அந்நாட்டு மாணவர் தேசிய ஒன்றியம் தடைசெய்யப்பட்டது. பின்னாளில் புதிய ஒன்றியம் தோன்றியது உண்மை. ஆயினும் இராணுவ ஆட்சிகள் வெளிப்படையான மாணவர் அமைப்புகளை நசுக்கிய அக்காலத்தில், வளாகங்களில் முகமூடி அணிந்த இரகசியக் குழுக்கள் தழைத்தன. இவற்றின் மூலவேர் 1952இல் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பின்னாளைய நோபல் எழுத்தாளர் வோலே சோயிங்காவும் நண்பர்களும் அமைத்த ஒரு மாணவர் சங்கம். வன்முறைக்காகத் தோன்றியதன்று அது. அதிலிருந்து பிரிந்து வளர்ந்தவையும் அதைப் பார்த்துத் தோன்றியவையும் கத்தியும் துப்பாக்கியும் ஏந்தின. 1999 ஜூலை 10 அன்று இஃபே நகரின் ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழக விடுதிக்குள் விடியலுக்கு முன் புகுந்த அத்தகைய குழு ஒன்று, மாணவர் ஒன்றியச் செயலர் உட்படப் பலரைக் கொன்றது.

நம் நாட்டு நிலை அவ்வளவு கொடியதன்று. எனினும் உள்ளோட்டம் ஒன்றே என்று அஞ்சுகிறோம். தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் பேரவைத் தேர்தல் என்பது மறைந்துபோன செய்தி. கட்சிக் கொடிகள் இறங்கின. அவ்விடத்தில் சாதிக் கயிறு மணிக்கட்டில் ஏறியது. 2008 நவம்பர் 12 அன்று சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரியில் சாதியால் பிரிந்த மாணவர் ஒருவரையொருவர் தாக்கியதையும், காவலர் பார்த்து நின்றதையும் தொலைக்காட்சியில் நாடே கண்டது. விழாச் சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கர் பெயர் விடுபட்டதே பொறியாயிற்று. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் பயின்றவர்களே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைந்த நீதியரசர் சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கையில், வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்க வேண்டிய நிலை வந்தது. கொள்கையை முன்வைத்து வாதிடுகிறவனிடம் நாமும் வாதிடலாம். அவன் மனம் மாறலாம், நம் மனமும் மாறலாம். கயிறு கட்டியவனிடம் என்ன வாதம் செய்வது? பிறப்பு வாதத்தால் மாறுவதன்று. ‘அரசியல் வேண்டாம்’ என்று விலக்கப்பட்ட வளாகம் அமைதியாய் இருக்கக் கூடும். மாறுபடுகிறவனோடு வாழும் பயிற்சி அவ்வமைதியில் கிடைப்பதில்லை.

அப்பயிற்சி காரைக்காலுக்குப் புதிதன்று. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தபோது, வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்திய இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். அந்த எட்டையும் எண்ணி எழுதி வைத்தார்களே, அதை நாம் சிறிய செய்தியாகக் கருதவில்லை. 1962 ஆகஸ்டு 16 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டபோது, ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்கும் உரியவராயினர். அன்று எழுந்த மனக்கசப்புகள் கொஞ்சமல்ல. ஆயினும் கிறிஸ்து பிறப்பு விழாவில் அவர்கள் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். இரத்த உறவு அதற்குத் துணைநின்றது என்பதை ஒப்புக்கொள்கிறோம். கல்லூரியில் இரத்த உறவு இல்லை. அங்கே அந்த வேலையை ஆசிரியர்தாம் செய்ய வேண்டும்.

ஆசிரியர் சொன்னால் போதுமா? திருத்தூதர் பணிகள் நூலில் கமாலியேல் என்னும் சட்ட வல்லுநரைக் காண்கிறோம். திருத்தூதர்களைக் கொல்ல வேண்டுமெனத் தலைமைச் சங்கம் துடித்தபோது, இவர்களை விட்டுவிடுங்கள், இது மனிதரிடமிருந்து வந்ததாயின் தானே அழியும் என்ற பொருள்படப் பேசித் தடுத்தவர் அவர். அவருடைய காலடியில் அமர்ந்து பயின்றவரே சவுல். அந்தச் சவுல்தான் ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் மேலுடைகளுக்குக் காவல் நின்றார். அக்கொலைக்கு உடன்பட்டும் இருந்தார். ஆசிரியரின் நிதானம் மாணவருக்கு வகுப்பிலே ஒட்டிக்கொள்ளவில்லை. அவர் ஒரு கல்லும் எறியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். துணி காத்து நிற்பது எவ்வளவு எளிய வேலை!

சிதம்பரத்தில் இராசேந்திரன் வீழ்ந்த அதே 1965ஆம் ஆண்டில், டிசம்பர் 7 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டை வெளியிட்டது. சமூக, அரசியல் செய்திகளில் நம்மினின்று மாறுபட்டு எண்ணுவோரையும் மதித்து நேசிக்க வேண்டும் என்றும், தம் கருத்துக்கு மட்டுமே திருச்சபையின் ஆதரவு உண்டென எவரும் உரிமை கொண்டாடலாகாது என்றும் அது அறிவுறுத்துகிறது. நம் கல்லூரிகள் இதைச் சுவரில் எழுதி மாட்டினால் மட்டும் போதாது.

2013 மார்ச்சு மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஈழத்தில் நடந்த படுகொலைகளுக்கு நீதி கேட்டுச் சென்னை இலயோலாக் கல்லூரி மாணவர் எண்மர் உண்ணாநோன்பு தொடங்கினர். காவலர் அவர்களை இரவோடு இரவாக அப்புறப்படுத்தினர். தீ மாநிலமெங்கும் பரவியது. அரசு கல்லூரிகளைக் காலவரையின்றி மூடியது. அவ்விளைஞர்களின் நெஞ்சுரம் போற்றத்தக்கது. கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து அக்குரல் எழுந்ததில் நமக்கு நாணம் இல்லை, மகிழ்ச்சியே உண்டு. அதே மாதம் 16ஆம் நாள், தஞ்சைப் பெரிய கோவிலைப் பார்க்க வந்த இலங்கைப் புத்தத் துறவி ஒருவரைத் தமிழ் ஆர்வலர் எனப்பட்ட சிலர் தாக்கினர். இந்தியாவில் தொல்லியல் பயில வந்த மாணவர் அவர். இரு நாட்கள் கழித்துச் சென்னை இரயில் நிலையத்தில் இன்னொரு துறவி தாக்கப்பட்டார். தாக்கியவர் உண்ணாநோன்பு இருந்த மாணவர் அல்லர். அவர்கள் மேல் இப்பழியைச் சுமத்துவது அநீதி. ஆயினும் அந்நாட்களில் நம் கல்லூரி ஒன்றின் போராட்டப் பந்தலில் ஒரு மாணவன் எழுந்து, ‘படிக்க வந்தவனை அடித்தது நம் பெயரால் நடந்த குற்றம், இதையும் கண்டிப்போம்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பேச விட்டிருப்பார்களா? பேசி முடித்தபின், அன்றிரவு விடுதி உணவுக்கூடத்தில் அவன் தட்டோடு அமர்ந்தபோது அவனருகில் யார் அமர்ந்திருப்பார்?